பீப்பாய் நாற்பத்தொன்று

காலை பதினொன்றுக்குத்தான் நாக்கு சுத்தமாக இருக்குமாம்.
அதனால் ஆறு வருடமாய்
என் இட்லிக்கு மிளகாய்ப்பொடி கிடையாது.

அம்பத்தூர் எஸ்டேட், இரண்டாம் மாடி.
வாய் குறுகிய கோப்பையில் இரண்டு விரல் உயரம் ரம்.
சாய்க்கிறேன். கண்ணாடிச் சுவரில்
அவசரமில்லாமல் இறங்குகிறது.
படிவத்தில் ஒரு டிக்.

மூக்கை நேராக நுழைத்தால் அறைந்துவிடும்.
வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு
ரகசியம் கேட்பவள்போல் பக்கவாட்டில் போக வேண்டும்.
வெனிலா. சரி, ஓக் மரம் எல்லோருக்கும் கொடுப்பது.
கருப்பட்டிப் பாகு, கம்பிப்பதத்துக்கு ஒரு நொடி முன்பு.
பலாச்சுளை, அதுவும் நேற்று அறுத்தது.

ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறேன்.
அப்போதுதான் வருகிறது
அது.

"மழை" என்கிறேன்.
தேவசகாயம் படிவத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.
"மழைக்குக் கட்டம் இல்லை மேடம்."

நடு நாக்கில் இனிப்பு, ஓரங்களில் துவர்ப்பு.
இருபது எண்ணித் துப்புகிறேன்.
துப்பிய பிறகும் போகவில்லை.
துரு இல்லை, பூஞ்சை இல்லை, ஈரச் சாக்கும் இல்லை.
தண்ணீர் வடிந்த வீட்டில்
முதல் ஜன்னலைத் திறக்கும்போது வருமே,
அது.

பதிவேட்டில் தேடி வாசிக்கிறார்:
ஏரி கிடங்குக்குள் வந்த டிசம்பரில்
இது மட்டும் அடுக்கிலிருந்து கழன்று
மூன்று நாள் மிதந்திருக்கிறது.
முத்திரை உடையவில்லை.
ஒரு சொட்டு உள்ளே போகவில்லை என்று
ஆய்வகக் கடிதம் இருக்கிறது.

வெளியே போனதற்குக் கடிதம் இல்லை.
இருநூறு லிட்டரில் பாதியைக் காணோம்.
ஸ்காட்லாந்தில் அதைத் தேவதைகள் குடிப்பார்களாம்,
சொட்டுச் சொட்டாக.
இங்கே சித்திரை குடிக்கிறது,
சொம்பு சொம்பாக.

குறை என்று எழுதினால் கலவைத் தொட்டிக்குப் போய்விடும்,
நாளைக்கே இருபதாயிரம் பாட்டிலில் கரைந்து.
நிறை என்று எழுத
அதற்கு ஒரு பெயர் வேண்டும்.
எண்பத்தாறு போட்டேன்.
குறிப்பு என்ற இடத்தில் 'ஈரம்' என்று எழுதி
அடித்துவிட்டு
'நீண்ட பின்சுவை' என்றேன்.

மாலை பட்டரவாக்கத்தில் மின்சார ரயில், பெண்கள் பெட்டி.
மடியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர்
என்னை முகர்ந்தார், பையில் தொங்கிய
அடையாள அட்டையைப் பார்த்தார்,
ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்.
விழுங்கவில்லை அக்கா, துப்பிவிட்டேன்
என்று இதை எப்படிச் சொல்வது.

கொரட்டூரில் எழுந்து
ஷட்டரை மேலே தள்ளினார்.
காற்று வந்தது.

அதில் அது இல்லை.