ஈரப்பதம்

பெருகவாழ்ந்தான் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதுகிறவள் நான்.
ஒரு பிடி நெல்லைக் கருவியில் போட்டால்
எண் வரும்.
பதினேழுக்குள் இருந்தால் எடைமேடைக்கு,
தாண்டினால் திரும்பவும் வெயிலுக்கு.
கெஞ்சினாலும் எண் மாறாது, நானும் மாறமாட்டேன்.
நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று
நாலு ஊரில் பேச்சு.

கமலியின் இயற்பியல் விடைத்தாளும்
இந்த மேசைமேல்தான் கிடக்கிறது,
சணல் கட்டுக்கும் சாக்குக் கணக்குக்கும் நடுவில்.
எழுபதுக்கு நாற்பத்தொன்பது.
அரையாண்டில் அறுபத்திரண்டு.
பெற்றோர் கையொப்பம் என்ற கோட்டின்மேல்
மூன்று நாளாக ஒரு நெல் ஒட்டியிருக்கிறது.

அந்தப் பதின்மூன்று எங்கே போயிற்று என்று
யார் கேட்டாலும் சொல்வேன்:
மன்னார்குடி மைதானத்துக்கு.
அங்கே ஹாக்கி வலைக்கு முன்னால்
மெத்தை மாதிரிக் கால்கவசம் கட்டிக்கொண்டு நிற்பாள்.
பதிவேட்டில் செங்கமலம், பனியனில் கமலி.
பந்தைத் தேடி எல்லாரும் ஓடுகிற ஆட்டத்தில்
வரட்டும் என்று நிற்கிற ஒருத்தி.

தேதி எழுதிப் பிழைக்கிறவள் நான்,
தேதியில் பொய் சொல்லக் கூடாது.
கால்கவசத்தைப் பரணில் ஏற்றியது
பொங்கலுக்கு மறுநாள்.
அறுபத்திரண்டு போதாது என்றுதான் ஏற்றினேன்.
நாற்பத்தொன்பது
அதற்குப் பிறகு வந்தது.

அவள் சண்டை போடவில்லை.
நாலரைக்கு எழுந்தாள். படித்தாள்.
வைத்ததைத் தின்று தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.
சிங்கப்பூரிலிருந்து அவள் அப்பா
செல்போன் திரையில் வந்து
"குட் கேர்ள்" என்றார்.
வீட்டில் சத்தம் போடுகிற பொருளென்று
மிக்ஸி ஒன்றுதான் மிச்சம்.

நேற்று சிங்காரவேலுவின் குவியல்.
கருவி பதினொன்று காட்டியது.
இந்தப் பருவத்தில் இவ்வளவு நல்ல எண்
நான் எழுதியதே இல்லை.
"பேஷ்" என்றேன்.
அவர் முகம் மலரவில்லை.
ஒரு மணியை உரித்துப் பல்லில் வைத்தார்.
படக்கென்று ஒடிந்தது.
"ஒங்களுக்குப் பயந்து
ஆறு நாளு தார் ரோட்டுல போட்டுப் பொரட்டுனேன்ம்மா.
எடையும் போச்சு.
அரவைக்குப் போனா அம்புட்டும் நொய்யி."

பேரேட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
மேல்வரம்புக்கு ஒரு கட்டம் இருக்கிறது.
கீழ்வரம்பு என்று
எங்கேயும் அச்சடிக்கவில்லை.

இரவு ஏணி வைத்துப் பரணில் ஏறினேன்.
ஒரு மூலையை எலி சுவைத்திருந்தது.
வியர்வை நாற்றம் அப்படியே இருந்தது,
நல்லவேளை.
கூடத்தில் இறக்கி வைத்தபோது
அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.
"ஞாயித்துக்கெழம தஞ்சாவூர்ல செமிஃபைனல்" என்றாள்.
"திங்கக்கெழம கெமிஸ்ட்ரி" என்றும் அவளே சொன்னாள்.
"பஸ்ல படிச்சுக்க."
"பஸ்ல படிச்சா வாந்தி வரும்மா.
ஒனக்கு எதுதான் தெரியும்?"

ஒரு மாதம் கழித்து
என்னிடம் கோபப்பட்டாள்.

கையெழுத்துப் போட்டேன்.
நெல் எங்கோ உதிர்ந்துவிட்டது.

ஞாயிறு காலை
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
வழக்கம்போல வண்டி நிற்கிறது.
கால்கவசம் மூன்றாவது ஆளாக
எங்களோடு சீட்டில் உட்கார்ந்திருக்கிறது,
கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டுச் சிரித்துவிட்டார்.
நான் உரக்க வாசிக்கிறேன்,
அவள் கண்ணை மூடிக் கேட்கிறாள்.
பாதிச் சொற்கள் என் வாயில் நுழையவில்லை.
"ஆல்டிஹைடும்மா. ஆல்டிகேடு இல்ல."
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.

சரக்கு ரயில் வருகிறது.
நாற்பத்தொன்பது பெட்டி என்கிறாள்.
நாற்பத்தெட்டு என்கிறேன்.
ஜெயிப்பாளா, திங்கட்கிழமை என்னாகும்,
ஒன்றும் தெரியாது.
இன்னொரு வண்டி வருகிறதாம், கேட் திறக்கவில்லை.
அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறேன்.