யூங்க

எங்கள் பள்ளியின் மணி
ஏதோ ஒரு தறியிலிருந்து கழன்ற பல்சக்கரம்.
அடித்தால் பக்கத்துக் குடோன் இரைச்சலில்
பாதி அமுங்கிப் போகும்.
பிள்ளைகளுக்கு எப்படியோ கேட்டுவிடும்.

உப்புமா ஆயிற்று. தட்டுகள் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
நகம் பார்த்தாயிற்று.
வருகையை ஏற்றச் சிக்னல் தேடி
தண்ணீர்த் தொட்டிவரை போய்வந்தாயிற்று.

ஹரிவர்ஷன்?
யெஸ்ஸுங் மிஸ்.
லிப்சா?
யெஸ்ஸுங் மிஸ்.
ஒடிசாவிலிருந்து வந்து எட்டு மாதம்.
தமிழ் இன்னும் முழுசாய் வரவில்லை,
‘ங்’ மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

இங்கிலீஷுக்கு ‘ங்’ வேண்டாம் கண்ணு என்று
ஜூனிலிருந்து சொல்கிறேன்.
சரிங் மிஸ் என்கிறார்கள்.

கதவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை:
மே ஐ கோ அவுட்.
சொன்னால்தான் விடுவேன் என்றிருந்தேன், போன வருஷம்.
நவனீதன் எழுந்து நின்றான்.
மே, என்றான். மே, மே.
ஆட்டுக்குட்டி என்று யாரோ சிரித்தார்கள்.
பாயில் ஈரம் படர்ந்தது.
பெரிய டீச்சர் துளசிமணி ஒன்றும் கேட்கவில்லை,
வாளியை மட்டும் என்னிடம் நீட்டினார்.
அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது.
சுண்டுவிரல் காட்டினாலும் போதும் இப்போது.

தறிக்குடோனில் காதுக்கு வேலையில்லை.
பாவு அறுந்ததை இந்தக் கோடியிலிருந்து
அம்மா உதட்டால் சொல்வாள்,
அந்தக் கோடியில் அப்பா தலையாட்டுவார்.
நடுவே தார்ப்பெட்டிமேல் உட்கார்ந்து
வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளை
இரண்டு பேரையும் வாசித்துவிடும்.
இதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது.
இப்போது சத்தமே இல்லாமல் வாயசைக்கிறேன்.
நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் பார்த்ததும்
ட்ரீ இல்லீங், த்ரீங் என்கிறார்கள்.
என் டீச்சர் டிரெய்னிங்கில்
யாரும் எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை.

சஷ்டிகாவுக்கு மட்டும் ஒரு சொல் வராது.
ஹவ் ஆர் யூ,
லிப்சாவைக் கேட்டாள். நவனீதனைக் கேட்டாள்.
என்னிடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.
சொல்லு கண்ணு.
ஹவ் ஆர்... மிஸ்?
யூ எங்கே?
யூன்னா நீ தானுங்களே?
நீங்களும் அதுதான்.
ரெண்டும் ஒண்ணுங்களா?
ஒன்றுதான்.
நாய்க்குட்டிக்குமுங்களா?
அதற்கும்.
கலெக்டருக்கு?
அவருக்கும்.
லிப்சா மெதுவாக மூன்று விரல் காட்டினாள்,
அவள் மொழியில் மூன்றாம்.
வகுப்பு என்னைப் பார்த்தது,
கடையில் சில்லறை குறைத்துக் கொடுத்தவளைப் பார்ப்பதுபோல.

பஸ்ஸுக்கு நிற்கையில் தினமும் கேட்கிறதுதான்:
குடோன் வாசலில் முதலாளி மகன், இருபது வயது,
டேய் இங்க வாடா என்பான்.
சஷ்டிகாவின் அப்பா, தலையெல்லாம் பஞ்சு,
வந்துட்டனுங் என்று ஓடுவார்.
கொடுக்கிற ‘ங்க’வுக்குத் திரும்பி வருவது ‘டா’.
அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.
பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன்.

சுதந்திர தினத்துக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க
அதே பையன் வந்தான்.
இங்கிலீஷ்ல ஏதாச்சும் பேசு பாப்பா என்றான்.
சஷ்டிகா நிமிர்ந்து
ஹவ் ஆர் யூ என்றாள்.
அவ்வளவுதான். பின்னால் ஒன்றும் ஒட்டவில்லை.
ஃபைன் ஃபைன் என்று சிரித்தான்,
கை தட்டினான்.

அவள் அப்பா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்,
ஷிப்ட் மாறுகிற இடைவெளியில் வந்தவர்,
செருப்பை ஏனோ கழற்றிக் கையில் வைத்திருந்தார்.
ஓடினாள்.
குடோன் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை,
உதட்டைத்தான் பார்த்தேன்:
ஹவ் ஆர் யூங்க.

திருத்தவில்லை.
அரையாண்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.