மேல் பட்டன்

சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குப்
பொருளாளர் படம் வேண்டுமாம்.
ஆதாரில் இருப்பது ஆகாது என்று
செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.
ஆதாரில் இருப்பது நான்தானா என்று
வங்கியிலேயே இரண்டு தரம் கேட்டிருக்கிறார்கள்.

வேலூர் ரோட்டு ஸ்டுடியோவிலிருந்து
குரல் பதிவு வந்தது.
"கட்டம் வேண்டாங்ணா, பொடிக்கோடும் வேண்டாம்,
கேமராவுல நெளியும்.
மொத நாள் ராத்திரி நல்லாத் தூங்கோணும்.
தண்ணி நெறையக் குடிங்க, மொகம் தெளியும்."
இருபத்தாறு வருஷமாக ஊர் ஊராய்ப் போய்
போர் போட்டுக் கொடுப்பவனுக்குத்
தண்ணீரைப் பற்றிப் பாடம்.
எத்தனை அடியில் என்று
திருப்பிக் கேட்கப் போனேன்.
வளர்மதி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

பீரோவில் இருந்த பதினோரு சட்டையில்
எட்டு, கட்டம்.
ஒன்று மச்சான் எடுத்துக் கொடுத்த மயில்கழுத்து நிறம்,
அதைப் பற்றிப் பேச்சில்லை.
மீதி இரண்டும் வெள்ளை.
கட்சிக்காரர் மாதிரி இருக்கீங்க என்றாள் பிரதிபா.
கடைசியில் ஈரோடு போய்
சாம்பலில் கொஞ்சம் நீலம் கலந்ததாய் ஒன்று.
கல்மாவு நிறம் என்றேன்,
கடைக்காரர் சிரிக்கவில்லை.

சலூன் கதிர்வேல்
காதோரம் மட்டும் நரையை விட்டுவிட்டு
மற்றதைக் கறுப்பாக்கினான்.
"பொருளாளர்னா கொஞ்சம் வெள்ளை தெரியோணும்,
அப்பத்தான் கணக்க நம்புவாங்க."
நகக்கண்ணில் எலுமிச்சந்தோலைத்
தேய்த்துத் தேய்த்து விரல் சிவந்தது,
மாவு போகவில்லை.
மார்புக்கு மேல்தான் படம் என்பது
அப்புறம்தான் தெரிந்தது.

இதெல்லாம் ஆயிற்று.
ஆகாதது கழுத்து.

கம்ப்ரசர் பக்கமே நின்று நின்று
இடது காது போய் ஒன்பது வருஷம்.
யார் பேசினாலும் வலது பக்கம் முன்னால் போகும்,
என்னைக் கேட்காமலே.
கல்யாண ஆல்பங்களைப் பாருங்கள்,
மேடையில் எல்லோரும் நேரே நிற்க
நான் மட்டும்
பக்கத்து வீட்டுச் சண்டையை
ஒட்டுக்கேட்பவன் மாதிரி.
"எந்தப் பக்கம் உங்களுக்கு எடுப்புங்ணா?"
என்று வேறு கேட்டிருந்தான்.
அர்த்தநாரி என்று பேர் வைத்துக்கொண்டு
எந்தப் பக்கத்தைச் சொல்ல?
செங்கோட்டு மலைமேல் நிற்கிறவரே
இன்னும் முடிவு பண்ணவில்லை.

மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்றேன்.
நேராக. தாடை கொஞ்சம் கீழே.
கதவுக்கு வெளியே வளர்மதி
காப்பி என்றாலும் திரும்பாமல்.
காப்பி ஆறிற்று, கழுத்து நின்றது.

முந்தின ராத்திரி பத்தரைக்கே படுத்தேன்.
இரண்டே காலுக்குத் தும்கூரிலிருந்து போன்,
அறுநூற்று நாற்பது அடியில் ஹேமர் சிக்கிக்கொண்டது.
"சத்தத்தக் கேக்க வைடா" என்றேன்.
குழி வாயில் போனைப் பிடித்தான் டிரைவர்.
ஏத்து, எறக்கு, அவசரப்படாதே.
ஐந்து மணிக்கு விட்டது.
கண்ணுக்குக் கீழே இரண்டு பைகளோடு
ஸ்டுடியோவுக்குப் போனேன்.

வெள்ளைக் குடை இரண்டு விரித்திருந்தார்கள்,
மழையில்லாத ஊரில்.
ஸ்டூலில் உட்கார்ந்தேன். நேராக. தாடை கீழே.
அவன் என் இடது பக்கமாக வந்து
காலரைத் தொட்டு
ஏதோ சொன்னான்.
கழுத்து தானாகப் போயிற்று.
அந்த நேரம் பார்த்து ஒரு பையன் அமுக்கிவிட்டான்.
"லைட் டெஸ்டுங்ணா, அது கணக்குல வராது."

பிறகு முப்பது நாற்பது எடுத்தார்கள்.
அதில் ஒன்றுதான் மலரில்.
அந்த ஆளைப் பார்த்தால்
வரவு செலவு சரியாக இருக்கும்போலத்தான் தெரிகிறது.

கணக்கில் வராததைப் பிரதிபா கேட்டு வாங்கித்
தன் போனில் என் நம்பருக்கு வைத்திருக்கிறாள்.
நான் கூப்பிடும்போதெல்லாம்
காதை நீட்டிக்கொண்டு வருகிறேனாம்.

கிளம்பும்போது கேட்டேன்,
அப்ப என்ன தம்பி சொன்னே?

"மேல் பட்டன் போட்டுக்கறீங்களான்னு
கேட்டேனுங்."