கடைசி பல்பு

கோட்டூர் கடைத்தெருவில்
உரக்கடைக்கு மேல்மாடி, எங்கள் இ-சேவை மையம்.
திரையில் எப்போதும் இரண்டு ஜன்னல்கள்.
ஒன்றில் குறுவைப் பயிர்க் காப்பீடு, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்.
மற்றதில் என் பதினோரு வருஷத்து அரியர்:
மின்னியலும் காந்தவியலும், இரண்டாம் தாள்,
பல்கலைக்கழகம் போனால் போகிறதென்று தந்த கடைசி வாய்ப்பு.

சர்வர் சுற்றும்போதெல்லாம்
அந்தப் பக்கம் போய்விடுவேன்.
அங்கே பேட்டரி இலவசம்.
கம்பியை இழுத்தால் நீளும், விட்டால் நிற்கும்.
பல்பை மாட்டி முனையை ஒட்டியதும்
நீல மணிகள் நகரத் தொடங்கும்.

எட்டு முறை எழுதியும் பிடிபடாத ஒன்று
அன்றைக்குக் கண்ணில் பட்டது:
பேட்டரியிலிருந்து யாரும் புறப்பட்டு வரவில்லை.
மணிகள் ஏற்கெனவே கம்பி முழுக்க நிற்கின்றன.
தள்ளினால் போதும்,
முதல் மணியும் கடைசி மணியும் சேர்ந்தே அசைகின்றன.

மேட்டூரில் மதகைத் தூக்கினால்
கல்லணைக்கு மூன்று நாள்.
எங்கள் வாய்க்காலுக்கு அதற்குமேல் பத்து, பதினைந்து,
சில வருஷம் பேச்சோடு சரி.
நோட்டில் எழுதினேன்:
கம்பிக்குக் கடைமடை கிடையாது.
அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

டோக்கன் பதினேழு, அஞ்சம்மாள்.
அடங்கல் நகலைச் சுருட்டிப் பிடித்தபடி
"என்ன விளையாட்டு இது?" என்றாள்.
மௌஸைக் கொடுத்தேன்.
பல்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு
வெறுங்கம்பியால் இரண்டு முனையையும் சேர்த்தாள்.
பேட்டரி தீப்பிடித்தது,
சூடில்லாமல், கருகல் வாடையில்லாமல்.
சிரித்துக்கொண்டே ரீசெட்டை அழுத்திக் காட்டினேன்.
புதுப் பேட்டரி. புதுக் கம்பி.
"உங்க மெஷின்ல மறுபடியும்னு ஒரு பொத்தான் இருக்கு"
என்றாள்.

கஜாவுக்குப் பிறகு
கரண்ட் திரும்பி வந்த அன்று
வரப்பில் கிடந்த கம்பியும் அவள் கொழுந்தனும்
எனக்கு ஞாபகம் வந்தபோது
பெருவிரலை ரேகைக்கு நீட்டியிருந்தாள்.
மூன்றாம் தடவை பதிந்தது.

மதியம் ஆளில்லை.
காந்தத்தைச் சுருளுக்குள் விட்டுப் பார்த்தேன்.
உள்ளேயே கிடந்தால் ஒன்றுமில்லை.
ஆட்டினால்தான் முள் துள்ளுகிறது, நிறுத்தினால் படுத்துவிடுகிறது.
'காந்தப்பாயம் மாறும் வீதத்திற்கு நேர்த்தகவில்'
என்று எட்டுத் தாளிலும் எழுதிய கை இது.
இப்போதுதான் அதற்கே தெரிகிறது.

மூன்று மணிக்கு மும்முனை மின்சாரம்.
ஊர் மோட்டாரெல்லாம் ஒரே மூச்சில் கிளம்ப
தலைக்குமேல் டியூப்லைட் திணறியது, யூபிஎஸ் கத்தியது.
அப்போதுதான் திரையின் ஓரத்தில் பார்த்தேன்,
'கம்பியின் மின்தடை' என்றொரு நகர்த்தி.
இத்தனை நாளும் அது பூஜ்யத்தில் இருந்திருக்கிறது.

இரண்டு கம்பியை இணையாக நீட்டி
நடுவில் ஏணிப்படி மாதிரி ஆறு பல்பு மாட்டினேன்.
டிரான்ஸ்பார்மர் ஓரம் அரிசி ஆலை, அப்புறம் பள்ளிக்கூடம்,
தர்கா, இரண்டு தெரு,
கடைசியில் தோப்புக்கு அப்பால் நாங்கள்.
நகர்த்தியைத் தள்ளினேன்.
ஆலை பளிச்சென்றுதான் இருந்தது.
ஒவ்வொன்றாக வெளுத்து
ஆறாவதில் மின்மினி அளவு மஞ்சள்.

எங்கள் வீட்டு மிக்ஸி
சாயங்காலம் முனகுவது அப்படித்தான்.

நோட்டை எடுத்தேன்.
எழுதியதை அடிக்கவில்லை.
இரண்டு கோட்டுக்கும் கீழே சேர்த்தேன்:
தடை பூஜ்யமாக இருந்தால்.

பூட்டப் போகும் நேரத்தில்
அடுத்த பாடத்தைத் திறந்து பார்த்தேன், ஒளியியல்.
ஒரு கதிர் தண்ணீரில் விழுந்து மடங்குகிறது.
மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு
ஆழம் முக்கால் பங்குதான் தெரியுமாம்;
தண்ணீர் எப்போதும்
இருப்பதைவிடக் குறைவாகவே தெரியுமாம்.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் வாய்க்கால்.
படியில் நின்று ஸ்கேலை வைத்துச் சரிபார்க்கலாம்.
ஆடி பிறந்து ஒன்பது நாள்.
தண்ணீர் வரட்டும்.