அளக்கவில்லை

அஸ்தம்பட்டியில் மூன்றாவது மாடி.
பக்கத்துக்கு அறுபது காசு எனக்கு.
ஜன்னலில் சேர்வராயன் மலை,
பெரும்பாலும் மேகத்துக்குள்.
மேசையில் அதன் மழைக்கணக்கு,
ஒரு காப்பித் தோட்டத்தின் ஐம்பத்திரண்டு பேரேடுகள்.

எழுதியவர் பெயர் மரியசூசை.
காலை எட்டுக்கு மழைமானியைக் கவிழ்த்து
இஞ்சும் சென்ட்டுமாக எழுதியிருக்கிறார்.
மார்ச்சில் பூமழைக்கு மட்டும்
எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி.
சந்தோஷமாக இருக்கலாம்.
பேனா இடறியதாகவும் இருக்கலாம்.
மென்பொருள் யோசிப்பதில்லை,
தூசு என்று துடைத்துவிடும்.

ஐம்பத்தெட்டு நவம்பரில் நான்கு கட்டங்கள் வெறுமை.
ஐந்தாம் நாள், கோட்டை மீறிச் சாய்ந்த கையெழுத்து:
‘நாலு நாள் அளக்கவில்லை.
ஞானப்பூவை டோலி கட்டிக் கீழே இறக்கினோம்.
வந்து பார்த்தால் மானி நிறைந்து வழிந்திருக்கிறது.
எவ்வளவு பெய்தது என்று சொல்ல முடியாது.’
முடியாது என்பதன் கீழ் ஒரு கோடு.
நிப்பு தாளைக் கிழித்திருந்தது.

ஞானப்பூ அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
ஆறாம் நாள், 0.45.
ஏழாம் நாள், மழை இல்லை.

திரையில் ஒரு பச்சைப் பொத்தான் கேட்டது:
விடுபட்ட மதிப்புகளை நிரப்பவா?
மணி ஒன்றேகால்.
கீழே தட்டுவடை செட் கடையில்
கூட்டம் சேருமுன் போகவேண்டும்.
நிரப்பு என்றேன்.
63.5
88.1
112.4
70.2
எழுத்து கறையாயிற்று, கறை வெள்ளையாயிற்று,
கிழிசல் தானே மூடிக்கொண்டது.
நேற்று வாங்கிய தாள்போல் இருந்தது.

எட்டு மாதம் கழித்து
மலைப்பாதை மண்சரிவு பற்றிய ஒரு கூட்டத்தில்
ப்ரொஜெக்டர் ஒயரைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.
சுவரில் வந்து நின்றது என் 112.4,
சட்டையை உள்ளே விட்டு, தலை வாரிக்கொண்டு.
ஒருவர் குறித்துக்கொண்டார்.
இன்னொருவர், அந்த அளவுக்கு வடிகால் வெட்டினால் போதும் என்றார்.
நான் இருமினேன்.
அவ்வளவுதான் செய்தேன் அன்று.

அசல் எங்கே என்று நந்தகோபால் சாரிடம் கேட்டேன்.
அதான் இருக்கே என்று திரையைத் தட்டினார்.

செவ்வாய்ப்பேட்டைப் பழைய பேப்பர் கடையில்
பாதி பொட்டலமாகப் போயிருந்தது.
பத்தொன்பது பேரேடு மிச்சம்.
எட்டரைக் கிலோ, கிலோ பதினாலு.
ஐம்பத்தெட்டு மூட்டையின் அடியில் கிடந்தது,
ஓரத்தில் எலி கடித்து.
ஐம்பத்தொன்பதில் யாரோ
மிளகாய் மடித்துப் போயிருப்பார்கள்.

கைபேசியில் படமெடுத்து
தவறு என்று எழுதி அனுப்பினேன்.
பதில் வந்தது:
படத்தை யாரும் மாற்றிவிடலாம், அசலைக் கொண்டுவரவும்.
ரொம்ப நேரம் சிரித்தேன்.
பிறகு சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை கொண்டுபோகிறேன்.
மழை வந்தால் என்று
இரண்டு பாலிதீன் பை வாங்கி வைத்திருக்கிறேன்.
என்ன கேட்பார்களோ தெரியாது.
சரியான எண் என்ன என்று கேட்டால்
என்னிடம் எண் எதுவும் இல்லை.
தெரியாது என்று ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்,
அது மட்டும் இருக்கிறது.

இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு
தாளின் பின்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தேன்.
அந்தக் கோடு அங்கே புடைத்திருக்கிறது.
கிழிந்த இடத்தில் விரல்நுனி
கொஞ்சம்
மறுபக்கம் போகிறது.