சாதகம், பாதகம்

சுங்கையில், டயர் கடை மாடியில்,
எங்கோ ஒரு கடலோரத்து அணு உலைக்கு
நான் சாதகம் பார்க்கிறேன்.
கல்யாணத்துக்கு அல்ல.
மின்சாரம் போய், மாற்று மின்சாரம் போய்,
மாற்றுக்கு மாற்றான டீசலும் போன பிறகு
என்ன செய்யலாம் என்பதற்கு.

இடப்பக்கம் சாதகம். வலப்பக்கம் பாதகம்.
நடுவே ஒரு கோடு.

தண்ணீர் ஊற்று:
சூடு தணியும்.
பிந்தி ஊற்றினால், பழுக்கக் காய்ந்த உலோகம்
அந்த நீரையே பிளந்து
ஹைட்ரஜன் கக்கும். ஒரு பொறி போதும்.
ஊற்றாதே:
உருகியது அடித்தளத்தைத் தின்னும்.
கடல்நீரைப் பாய்ச்சு:
உலை இனி உலையாகாது.
எத்தனை கோடி நஷ்டம் என்று யாரோ கணக்குப் போடுவதற்குள்
ஒரு மணி நேரம் போய்விடும்.
அதையும் பாதகத்தில் எழுதினேன்.
வடிகட்டி வழியே அழுத்தத்தை வெளியே விடு:
கவசக் கூடு வெடிக்காது.
ஊருக்குள் கொஞ்சம் போகும்.

கொஞ்சம்.
அந்தச் சொல்லுக்கு ஓர் எண் உண்டு, அலகு உண்டு.
அதன் எதிரே "ஏற்கத்தக்கது" என்று
தட்டியது நான்தான்,
தே ஓ ஆறிக்கொண்டிருந்தபோது.

நவம்பரில் மூன்று நாள் விடாத மழை.
நான்காம் இரவு ஒன்றரைக்குக் குணாளனின் போன்.
செம்பனை ஆலையில் அவனுக்கு ராத்திரி ஷிப்ட்.
கழிவுக் குளம் ஏறுகிறது என்றான்.
பம்ப் நின்றுவிட்டது. அளவுக் கம்பு முங்கிவிட்டது.
ஷஃபிகுல் டார்ச் அடித்துப் பார்க்கிறான்,
கரையில் ஓரிடம் வியர்க்கிறதாம்.
கரைக்குக் கீழே ஒன்பது லயத்து வீடுகள்.

மடிக்கணினியில் பக்கம் திறந்தே கிடந்தது.
உலை என்ற இடத்தில் குளம் என்று மாற்றி
அப்படியே வாசித்தேன்.
மதகைத் திறந்தால்?
ஆத்துக்குப் போகும்.
திறக்காவிட்டால்?
கரை போகும்.
எவ்வளவு நேரம் இருக்கு?
"தெரிஞ்சா உன்னை ஏன் எழுப்புறேன்?"

இதைத்தான் நாங்கள் உறுதியின்மை என்று
பின்னிணைப்பில் பதினான்கு பக்கம்
வளைகோடு வளைகோடாய் வரைகிறோம்.

இரண்டு நாற்பதுக்குத் திறந்தார்கள்.
கரை நின்றது.
ஒன்பது வீட்டிலும் ஒருவரும் விழிக்கவில்லை,
ஒரு நாய் மட்டும் குரைத்து ஓய்ந்ததாம்.

விடிந்ததும் பாலத்தில் நின்று பார்த்தேன்.
காய்ச்சி ஊற்றிய சாயம் போல ஆறு.
வெள்ளை வயிறு காட்டி மீன்கள்,
என் எண்ணுக்கும் அலகுக்கும் அடங்காமல்.

ஆலை வாசலுக்குப் பா அஞாங் வந்திருந்தார்,
கீழாற்றுச் செமாய் கம்பத்துக்காரர்,
தோளில் நனைந்த வலை.
சத்தம் போடவில்லை. மலாயில் மெதுவாகக் கேட்டார்:
"ஒன்பது வீடா?
அப்படின்னா திறக்கத்தான் வேணும்.
ஒரு போன் அடிச்சிருக்கலாம்.
வலையையாவது எடுத்திருப்பேன்."

குணாளன் தன் பூட்ஸைப் பார்த்தான்.
அவருடைய எண் அலுவலகப் பலகையிலேயே இருந்தது,
போன வருஷம் ஒற்றையடிப் பாலம் போனபோது
குணாளனே சாக்பீஸால் எழுதியது.

மாடியேறிப் பக்கத்தைத் திறந்தேன்.
"முடிவெடு" என்ற கட்டத்திலிருந்து
"வால்வைத் திற" என்ற கட்டத்துக்கு
ஓர் அம்பு. குட்டை அம்பு.
ஒரு போன் அடிக்க அதில் இடமில்லை.

அம்பை வெட்டினேன். நடுவே ஒரு கட்டம்:
கீழே இருப்பது யார்? பெயர் என்ன? சொல்லியாயிற்றா?
பிறகு "ஏற்கத்தக்கது" என்று தேடி
நாற்பத்தொரு இடத்தில் மஞ்சள் பூசினேன்.
யாருக்கு என்று கேட்டு ஓரத்தில் ஒரு குறிப்பு,
நாற்பத்தொரு முறை.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது:
புதிய கட்டம் நம் வரம்புக்கு வெளியே. நீக்கவும்.

இன்னும் நீக்கவில்லை.
அவர் விட்டுப்போன வலையைக் குணாளன் கொண்டுவந்து
சவுக்காரத் தூள் போட்டு மூன்று தடவை அலசினான்.
மாடிக் கம்பியில் தொங்குகிறது.
காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
டயர் வாடையையும் மீறி வருகிறது.