கலையும் நேரம்

பாரம் மலாயில் இருந்தது.
தட்டச்சு தெரிந்தவள் நான் ஒருத்தி,
அதனால் நிரப்பும் வேலை என்னிடம் வந்தது.
கூடுமிடம்: பாடாங் கோத்தா லாமா.
எத்தனை பேர்: நாற்பது என்று அடித்து
வெள்ளை மை பூசி
இருபத்து மூன்று ஆக்கினேன்.
நோக்கம் என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு.
தவமலரை ஒரு கோட்டில் எப்படி அடக்குவது?

பாயான் லெப்பாஸில் சில்லுக்குத் தங்கக் கம்பி கோத்தவள்.
மயிரை விட மெல்லிசுக் கம்பி.
“அத்தனை நுணுக்கமாய்ப் பார்க்கத் தெரிந்தவளுக்குப்
புருஷன் முகம் பார்த்து நடக்கத் தெரியலையே”
என்று சாவு வீட்டிலேயே ஒருத்தி சொன்னாள்,
வரக்கோப்பியை ஊதிக்கொண்டு.
மூன்று முறை போலீஸுக்குப் போனாள்.
குடும்ப விஷயம் என்று மலாயில் சொல்லி அனுப்பினார்கள்.
கோயில் கமிட்டி அதையே தமிழில் சொன்னது.

நோக்கம்: நடப்பது
என்று அடித்தேன்.

கடைசிக் கேள்வியில் விரல் நின்றுவிட்டது.
பெர்சுராய் என்று போட்டிருந்தது.
மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
கலைதல்.
மேகம் கலையும். கோலம் கலையும்.
அவளுக்கு நாலாம் மாதத்தில் கலைந்தது,
படியில் வழுக்கியதாக மருத்துவமனை அட்டையில் இருக்கிறது.
தலை கலைந்துதான் கிடந்தாள்,
சீப்பு வாங்கி நான்தான் வாரிவிட்டேன்.

மாலை ஆறு மணி.

அனுமதி வரவில்லை.
ஐந்து பேர் சேர்ந்தால் அது கூட்டம் என்றார் சார்ஜன்.
சரி என்று நாலு நாலாய் நடந்தோம்,
இடையில் இருபதடி விட்டு,
மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி.
நோர்ஹயாத்தி கொண்டுவந்த மெத்தை விரிப்பில்
சியூ பெங் சிவப்பில் எழுதிய வாக்கியத்தை
ஐந்து சொல்லாய்க் கத்தரித்து
நால்வருக்கு ஒரு சொல்.
முழுசாய்ப் படிக்க வேண்டுமென்றால்
ரோட்டோரம் கடைசிவரை நிற்க வேண்டும்.
செண்டோல் கடைக்காரர் நின்றார்.
அவர் கையிலிருந்த கிண்ணத்தில் ஐஸ் தண்ணீராகிப் போனது.
பஸ்ஸிலிருந்து ஒருவன் விசிலடித்தான்,
இரண்டாம் சொல்லுக்கும் மூன்றாம் சொல்லுக்கும் நடுவில்.

வாலில் மூன்று பேர் மிஞ்சினோம், சொல் இல்லாமல்.
நாலாவது ஆள் எங்கே என்று
யாரும் கேட்கவில்லை.

பிறகு சட்டம் வந்தது. வந்தும் நடந்தோம்.
கொம்தார் அடியில், மழையில்,
ஒருமுறை கோலாலம்பூருக்கு ராத்திரி பஸ் பிடித்துப் போய்.
பெயர்கள் மாறின. செருப்பு அளவு மாறியது எனக்கு,
கால் வீங்குகிறது.
ஒவ்வொரு வருஷமும் இதுதான் கடைசி என்று சொல்லி
மடித்து வைத்தோம் விரிப்பை.

இந்த மார்ச்சில் வந்த பிள்ளைகளுக்குப் பயமில்லை, மெகாபோன் இருந்தது.
கத்தும்போது சிரிக்கவும் செய்கிறார்கள்,
எங்களுக்கு அது வராது.
ஒருத்தி, ஹம்சத்வனி என்று பெயர்,
காதருகே வந்து கேட்டாள்:
“ஆன்டி, எத்தனை மணிக்கு முடியும்?
கிராப் கூப்பிடணும், இருட்டினா அம்மா பயப்படுவாங்க.”

ஆறு மணி என்றேன்,
வாய் தானாகச் சொன்னது.
வீடு போனதும் தகவல் போடு என்றேன்.
நீங்களும் போடுங்க என்றாள்.

ஏழேகாலுக்கு ஒன்று வந்தது: ரீச் ஆயிட்டேன்.
அப்புறம் வரிசையாய் வந்தன,
கட்டை விரல் படங்களும் பூனைப் படங்களுமாய்.
அறுபத்து நான்கு பேர் குழுவில்.
மணி பதினொன்றரை. அறுபத்து மூன்று வந்துவிட்டது.

கைப்பேசியைச் சார்ஜில் போட்டு
பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.